அரட்டைச் சர்வரில் உறுப்பினர் பதிவும் செய்தி வரம்பும்

2012ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத நடுவில், பெங்களூர் ரயில் நிலையத்தில் வடகிழக்கு மாநிலத்தவர் ஆயிரக்கணக்கில் கூடினர். அஸ்ஸாமில் முந்திய மாதம் நிகழ்ந்த கலவரத்துக்குப் பழிவாங்கலாகத் தங்களுக்கும் இங்கே தீங்கு நேரும் என்ற வதந்தி, கைபேசிச் செய்திகளாகப் பரவியிருந்தது. குவாஹாட்டிக்குத் தனி ரயில்கள் விட வேண்டியதாயிற்று. ஆகஸ்ட் 17ஆம் தேதி மத்திய அரசாங்கம், ஒருவர் ஒரே வேளையில் 5 பேருக்கு மேல் குறுஞ்செய்தி அனுப்பலாகாது என்று 15 நாட்களுக்கு வரம்பு விதித்தது. சில தினங்களில் அது 20 ஆக உயர்த்தப்பட்டது.

அந்த வரம்பு, அனுப்புவோரை மட்டுமே கணக்கிட்டது; அச்சமூட்டுபவரையும் அச்சத்தைத் தணிக்க முயன்றவரையும் அது ஒன்றாகவே கட்டிற்று. அரட்டைச் சர்வரின் நிலை வேறு. அங்கே செய்தி ஒருவரிடமிருந்து ஓர் அறைக்குச் செல்கிறது. அறையில் உள்ளோர் அனைவருக்கும் சர்வரே அதனைப் பகிர்ந்தளிக்கிறது. ஆதலின் அனுப்பிய எண்ணிக்கையை உறுப்பினர் தொகையால் பெருக்கிப் பார்த்தாலன்றி உண்மையான சுமை விளங்காது.

2018இல் வாட்ஸ்அப் குழுவில் 256 பேர் வரை இருக்கலாம். ஒருவர் ஒரு செய்தியை 20 குழுக்களுக்கு அனுப்பினால் 20 × 255 = 5,100 பேருக்குச் சேரும். குழுவுக்கு ஒருவரே அதனை மீண்டும் 20 குழுக்களுக்கு அனுப்புவதாகவும், எவரும் இரு குழுக்களில் இல்லை எனவும் கொண்டால், அடுத்த படியில் 1,02,000 பேர். வரம்பு 5 ஆனால் முதற்படியில் 1,275, அடுத்ததில் 6,375. முதலில் நான்கில் ஒரு பங்கு, பின்பு பதினாறில் ஒரு பங்கு என்று ஒவ்வொரு படியிலும் குறைவு வளர்வது கவனிக்கத்தக்கது. அவ்வாண்டு மே மாதம் பெங்களூரில், குழந்தை கடத்துபவர் என்ற வதந்தியால் ராஜஸ்தானைச் சேர்ந்த ஒருவர் கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டார். பிற மாநிலங்களிலும் இத்தகைய கொலைகள் நிகழ்ந்தன. ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் 5 என்ற வரம்பை அறிவித்தது. 2019 ஜனவரியில் அது உலகெங்கும் விரிந்தது.

இனி, வேகத்தை அளக்கும் முறை. கடிகார நிமிடத்துக்கு 10 செய்தி என்று எண்ணுவது எளிதாயினும் ஓட்டை உடையது: ஒரு நிமிடத்தின் கடைசி நொடியில் 10, அடுத்ததன் முதல் நொடியில் 10 என 20 செய்திகள் இரண்டே நொடியில் நுழைந்துவிடும். இதனினும் சிறந்தது பானை முறை. ஒவ்வொரு உறுப்பினருக்கும் 10 வில்லைகள் கொள்ளும் ஒரு பானை உண்டு. 6 நொடிக்கு ஒரு வில்லை அதில் விழும். ஒரு செய்திக்கு ஒரு வில்லை செலவாகும். நிறைந்த பானையில் மேலும் விழுவது வழிந்துபோம். எவ்வளவு அவசரப்பட்டாலும் ஒரே மூச்சில் 10க்கு மேல் செல்லாது. நெடுநேரச் சராசரி நிமிடத்துக்கு 10 ஆகவே நிற்கும். சர்வர் உண்மையில் வில்லை போட்டுக்கொண்டிருப்பதில்லை. மீதி எவ்வளவு, கடைசியாகக் கணக்கிட்டது எப்போது என்ற இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, செய்தி வரும்போது இடைக்காலத்தைக் கணக்கிடுகிறது. வில்லை இல்லையெனில், எத்தனை நொடி பொறுக்க வேண்டும் என்று விடை தருவதே முறை. பேசாமல் விழுங்கிவிட்டால், அனுப்பியவர் மீண்டும் மீண்டும் அனுப்பிச் சுமையைக் கூட்டுவார்.

வில்லையைக் கழிக்குமுன் உறுப்பினர் பதிவேட்டைப் பார்த்தாக வேண்டும். நீக்கப்பட்டவர் பெயர் அந்தக் கணமே பட்டியலிலிருந்து அகல வேண்டும். இன்றேல் அவர் நீங்கிய பின்னரும் பிறர் பேச்சு அவருக்குப் போய்க்கொண்டிருக்கும். நீக்குதல் வேறு, தடை செய்தல் வேறு. நீக்கப்பட்டவர் அழைப்பு இணைப்பின் வழியே திரும்பக்கூடும். அழைத்தவர் மட்டும் நுழைதல், ஆள் வரம்பு, அனுமதி பெற்றோர் மட்டும் பேசுதல் ஆகியவை, 1988இல் பின்லாந்தில் தோன்றிய ஐ.ஆர்.சி. முறையில் நெடுங்காலமாக உள்ளவையே.

பள்ளி அறிவிப்புக்கும் வெள்ள எச்சரிக்கைக்கும் பயன்படும் அறையில், பொறுப்பாளர் மட்டும் எழுதும்படி அமைத்தல் பொருந்தும். அப்பொறுப்பாளரின் பானை சற்றுப் பெரியதாயிருக்கலாம். நீர்மட்டம் ஏறும் இரவில் 15 செய்திகள் அடுத்தடுத்து அனுப்ப நேரும். மற்ற நாட்களில் அப்பானை நிறைந்தே கிடக்கும்.