கணினி யாரை நம்புகிறது? எஸ்.டி.எல். கோப்பு – ஒரு விளக்கம்

வெளியூரிலிருந்து ஒருவர், மகளின் நிக்காஹ் செலவுக்கு உதவி கேட்டு நம் பள்ளிவாசலுக்கு வருகிறார். கையில் அவருடைய ஊர் ஜமாஅத்தின் கடிதம் இருக்கிறது. நாம் முதலில் பார்ப்பது அவர் முகத்தையல்ல. கடிதத்தில் உள்ள முத்திரை நமக்குத் தெரிந்த ஜமாஅத்துடையதா என்பதைத்தான். இணையத்தில் வங்கிக் கணக்கைத் திறக்கும்போதும், பிள்ளைகளின் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போதும் நம் கணினி இதே வேலையைத்தான் செய்கிறது.

சான்றிதழும் பட்டியலும்

பாதுகாப்பான ஒவ்வோர் இணையதளமும் ஒரு டிஜிட்டல் சான்றிதழைக் காட்டுகிறது. அதை வழங்கிய சான்றளிப்பு நிறுவனத்தை நம்பலாமா என்று கணினி ஒரு பட்டியலைப் பார்த்து முடிவு செய்கிறது. விண்டோஸ் கணினிக்கு அந்தப் பட்டியலைக் கொண்டுவரும் கோப்பின் பெயர் 'எஸ்.டி.எல்.' என்ற எழுத்துகளில் முடியும். அதைச் 'சான்றிதழ் நம்பிக்கைப் பட்டியல்' எனலாம்.

இதில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, நம்பத்தக்க மூலச் சான்றிதழ்களின் பட்டியல். மற்றொன்று, நம்பக் கூடாதவற்றின் பட்டியல். இரண்டையும் மைக்ரோசாஃப்ட் டிஜிட்டல் கையொப்பமிட்டு அனுப்புகிறது. வழியில் யாராவது ஓர் எழுத்தை மாற்றினாலும் கையொப்பம் பொருந்தாது. கணினி அதை ஏற்காது.

முத்திரை தவறானால்?

2014 ஜூலை 2 அன்று, தன் தளங்களின் பெயரில் அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளியாகியிருப்பதைக் கூகுள் கண்டறிந்தது. அவற்றை வழங்கியது நம் நாட்டின் தேசிய தகவலியல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவு. யாஹூ பெயரிலும் இப்படிச் சான்றிதழ்கள் இருந்தன. இத்தகைய சான்றிதழ் கையில் இருப்பவர் போலித் தளத்தைக் காட்டினாலும் கணினி அதை உண்மை என்றே நம்பக்கூடும். கடவுச்சொல்லை நாமே கொடுத்துவிடுவோம்.

மறுநாளே இந்தியக் கட்டுப்பாட்டு அதிகாரி அந்தப் பிரிவின் சான்றிதழ்களை ரத்து செய்தார். ஜூலை 10 அன்று மைக்ரோசாஃப்ட், நம்பக் கூடாதவற்றின் பட்டியலைப் புதுப்பித்து வெளியிட்டது. பட்டியலைத் தானாகப் புதுப்பிக்கும் வசதி இயங்கிய கணினிகளுக்குப் பாதுகாப்பு தானாகவே வந்து சேர்ந்தது. அந்த வசதி இல்லாத கணினிகளோ பழைய பட்டியலையே நம்பிக்கொண்டிருந்தன.

நாம் செய்ய வேண்டியவை

1. டேட்டா மிச்சமாகும் என்று விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தி வைக்க வேண்டாம்.

2. கணினியின் தேதி சரியாக இருக்கட்டும். தேதி தவறினால் நல்ல சான்றிதழும் காலாவதியானதாகத் தெரியும்.

3. 'இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல' என்ற எச்சரிக்கை வந்தால், அதைத் தாண்டிச் சென்று கடவுச்சொல்லோ ஓ.டி.பி.யோ கொடுக்க வேண்டாம்.

4. வாட்ஸ்அப்பில் யாராவது சான்றிதழ்க் கோப்பை அனுப்பி நிறுவச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அது, முன்பின் தெரியாதவரின் முத்திரையை நம் பட்டியலில் நாமே சேர்ப்பதாகும்.

5. முப்பரிமாண அச்சுக்கான கோப்புகளும் எஸ்.டி.எல். என்றே முடியும். பிள்ளைகளின் கணினியில் அவற்றைக் கண்டால் பயப்பட வேண்டாம்.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. சான்றிதழ் சரியாக இருப்பதால் மட்டும் தளத்தை நடத்துபவர் நேர்மையானவர் ஆகிவிடமாட்டார். மோசடிக்காரரும் தன் சொந்த முகவரிக்கு முறையான சான்றிதழ் வாங்கலாம். கணினி முத்திரையைத்தான் பார்க்கும். முகவரியை எழுத்தெழுத்தாக நாம்தான் படித்துப் பார்க்க வேண்டும்.