கற்பிக்கக் கற்றல்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் அருகே, தெப்பக்குளத்தை அடுத்து, 1923-இல் தொடங்கப்பெற்ற ஹோலி கிராஸ் கல்லூரி உள்ளது. அங்குப் பயிற்றப்பெறும் பல துறைகளுள் மறுவாழ்வு அறிவியலும் ஒன்று. மாற்றுத்திறனாளிகள் தம் வீட்டிலும் ஊரிலும் பிறரைப்போல் வாழ்வதற்குரிய வழிகளை ஆராய்வது அத்துறை.

மருத்துவமனை எல்லார்க்கும் எட்டுவதன்று. அடிப்படை நலப்பணிகள் மக்கள் வாழும் இடத்திலேயே கிடைத்தல் வேண்டும் என 1978-இல் அல்மா ஆட்டாவில் கூடிய மாநாடு அறிவித்தது. அவ்வழியில் உலக சுகாதார நிறுவனம் 1989-இல் ஒரு கையேட்டினை வெளியிட்டது. அதன் பயிற்சித் தொகுதிகள் மருத்துவர்க்காக எழுதப்பட்டவை அல்ல. வீட்டிலுள்ள தாய்க்கும் தமையனுக்கும் எழுதப்பட்டவை. ஊர்ப் பணியாளர் அவர்கட்கு ஆசிரியர் ஆகிறார். இடர்ப்பாடு தோன்றுவதும் இங்கேதான்.

மூளை முடக்குவாதமுற்ற குழந்தை ஒன்றை எண்ணிப் பார்ப்போம். அதனை மடியில் மல்லாத்தி, தலை பின்னே சாய, கஞ்சியை வாயில் வார்ப்பது சில வீடுகளின் வழக்கம். அவ்வாறு வார்க்கும் உணவு மூச்சுக்குழலினுள் இறங்கக்கூடும். நுரையீரலில் அழற்சி உண்டாகி உயிருக்கே ஊறு நேரலாம். குழந்தையை நிமிர்த்தி அமர்த்தி, தலையைச் சற்றே முன்சாய்த்து, சிறிது சிறிதாக ஊட்டுதல் வேண்டும். இதனை நன்கறிந்த பணியாளர், தாமே குழந்தையை வாங்கித் திறம்பட ஊட்டிக் காட்டுகிறார், தாய் தலையசைக்கிறாள். பணியாளரோ வாரத்திற்கு ஒருமுறை வருபவர். நாளைக்கு மூன்று வேளையாக, இடையில் 21 வேளை உணவும் தாயின் கையில். தலையசைப்பைக் கற்றலின் அடையாளமாகக் கொண்டது பணியாளரின் பிழை. பள்ளி ஆசிரியர்க்கும் இப்பிழை புதிதன்று!

ஆதலின், பயிற்சி பெறுவோரையே முதலில் அக்குழந்தையின் நிலையில் வைத்தல் நன்று. தலையைப் பின்னே சாய்த்தபடி உமிழ்நீரை விழுங்கிப் பார்த்தால், அஃது எளிதன்று என்பது புலப்படும். முகவாயைத் தாழ்த்தி விழுங்கினால் வேறுபாடு விளங்கும். தாயும் அவ்வாறே செய்து பார்த்தபின் நீண்ட விரிவுரை எதற்கு? இனிக் குழந்தை தாயின் மடியில் இருத்தல் வேண்டும். குழந்தைக்கு இடர் நேராதவரை, தாய் தடுமாறும்போதும் குறுக்கே கை நீட்டாதிருத்தலே பணியாளர் கற்க வேண்டிய கடினமான பாடம்.

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே உள்ள திருவரங்கத்தில் மற்றொரு காட்சியைக் கற்பனை செய்வோம். கோயிலைச் சுற்றி ஏழு திருச்சுற்றுகள்; அவற்றுள் புறத்தே அமைந்த உத்திர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் மக்கள் குடியிருக்கின்றனர். சித்திரை வீதி வழியே நடந்து, நான்கு மூலைகளிலும் ஒரே பக்கமாகத் திரும்பினால், புறப்பட்ட இடத்தையே அடையலாம். பார்வையற்ற இளைஞர் ஒருவர் நடைபயில இதனினும் ஏற்ற வீதி அரிது. ஆயினும் தமையன் அவர் தோளைப் பிடித்து முன்னே தள்ளிச் சென்றால் என்ன பயன்? பணியாளர் தமையனின் கண்களைக் கட்டி, அவ்வாறே சில அடிகள் தள்ளுகிறார். அவன் அஞ்சிக் காலை ஊன்றி நின்றுவிடுகிறான். பின்பு தம் முழங்கையின் மேற்புறத்தைப் பற்றச் செய்து, தாம் அரை எட்டு முன்னே செல்கிறார். படி இறங்குவதும் வீதி திரும்புவதும் அக்கை வழியே அவனுக்குத் தெரிகின்றன.

சில நாள் சென்றபின், உதவ எண்ணிக் கையைப் பற்றி இழுக்கும் அயலாரிடம், "ஐயா, நீங்கள் என்னைப் பிடிக்க வேண்டா, நான் உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொள்கிறேன்" என்று அவ்விளைஞரே கற்பிக்கத் தொடங்குகிறார். பணியாளர் அடுத்த தெருவுக்குச் செல்கிறார்.