பழைய சக்திமானுக்கு டயர் மாற்றப் போகிறவனுக்கு

கண்ணு, ராணுவ டிஸ்போசல் ஏலத்தில் வந்த சக்திமான் லாரி ஒன்றை வாங்கி ஓட வைக்கப் போகிறாய் என்று கேட்டதும் மனசு குளிர்ந்தது. ஜெர்மனியின் எம்.ஏ.என். நிறுவனத்திடம் உரிமம் பெற்று 1959-லிருந்து ஜபல்பூரில் கட்டிய வண்டி அது. நம் ராணுவத்துக்கு மலையிலும் மணலிலும் உழைத்தது. இன்ஜினைப் பற்றிச் சொல்ல உனக்கு நிறையப் பேர் கிடைப்பார்கள். டயர் விஷயத்தை மட்டும் பஞ்சர் கடைப் பையன் வேலை என்று தள்ளிவிடுவார்கள். அந்த வண்டியில் ஆளையே கொன்றுவிடக்கூடிய வேலை அதுதான். அதனால் பொறுமையாகப் படி.

1. டயரின் பட்டன் ஆழமாக இருக்கிறதே என்று மயங்காதே. டிஸ்போசல் வண்டிகள் ஓடிக் கெட்டதைவிட வெயிலில் நின்று கெட்டதுதான் அதிகம். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் அச்சாகியிருக்கும். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருஷம். 1409 என்றால் 2009-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முன் பிறந்த டயர், யோசிக்காமல் கழற்று. பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. ரப்பரின் உயிரை அளக்க அப்படி ஓர் அளவுகோல் கிடையாது. பக்கச்சுவர் வெடிப்பை விரலால் விரித்துப் பார். உள்ளே நூல் தெரிந்தால் அந்த டயரின் கதை முடிந்தது. "இன்னும் ஒரு வருஷம் தாராளமாக ஓடும்" என்று விற்கிறவன் சொல்வான். ஓட்டப் போகிறவன் நீ.

2. காசு பற்றவில்லை என்று இரண்டு டயர் புதிது, மீதி பழையது எனப் போடாதே. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி இது. முன் டயர் ஒரு சுற்றளவு, பின் டயர் வேறு சுற்றளவு என்றால், முன் அச்சையும் சேர்த்துப் பூட்டி ஓட்டும்போது கியர்ப் பெட்டிகள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். இரண்டு மாதம் காத்திரு. மொத்தமாக வாங்கு.

3. நட்டு திரும்பவில்லை என்றால் முதலில் உன் கையைச் சந்தேகப்படு. பழைய வண்டிகள் சிலவற்றில் இடது பக்கச் சக்கரத்துக்கு இடது மரை இருக்கும். எங்கள் பட்டறையில் ஒரு பையன் ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி, அதன்மேல் ஏறி நின்று குதித்துக்கொண்டிருந்தான். மேஸ்திரி ஒரு வார்த்தை திட்டவில்லை. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் போல்ட்டின் நுனியை மெல்லத் துடைத்தார். துருவுக்கு அடியிலிருந்து 'எல்' என்ற எழுத்து தெரிந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அன்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. துருப்பிடித்த நட்டுக்கு எண்ணெய் விட்டு ஓர் இரவு விடு. டயர் மாட்டியிருக்கும் சக்கரத்தின் பக்கம் கேஸ் கட்டரைக் கொண்டுபோகவே கூடாது. சூட்டில் உள்ளே ரப்பர் ஆவியாகி வெடிக்கும்.

4. காற்றை முழுக்க இறக்காமல் எதையும் தொடாதே. மற்றதை மறந்தாலும் இதை மறக்காதே, கண்ணு. அந்தக் காலத்து லாரி ரிம்மில் டயரைப் பிடித்து வைத்திருப்பது ஓர் இரும்பு ரிங். ஒரு சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு காற்று என்றால் கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். அத்தனை பெரிய பக்கச்சுவர் முழுக்கக் கணக்குப் போட்டுப் பார், பல டன் வரும். வால்வு பின்னைச் சாவியால் கழற்று. சீறல் அடங்கியதும் முடிந்தது என்று எழுந்துவிடாதே. வால்வு ஓட்டையில் மெல்லிய கம்பியை விட்டு ஆட்டு. அழுக்கு அடைத்திருந்தால், அடங்கிய சீறல் மறுபடி கிளம்பும். பக்கச்சுவரை உள்ளங்கையால் அமுக்கினால் தளர்ந்து போக வேண்டும். அதற்குப் பிறகுதான் ரிங்குக்குக் கம்பி போடலாம். ராணுவ வண்டிகள் சிலவற்றில் ரிம்மே இரண்டு பாதியாக இருக்கும், நடுவே வட்டமாக நட்டுகள். காற்றோடு அந்த நட்டுகளைக் கழற்றியவர்கள் பிழைப்பது அபூர்வம். எந்த நட்டு சக்கரத்தைப் பிடிக்கிறது, எது ரிம்மைப் பிடிக்கிறது என்று தெரியாவிட்டால் கேள். கேட்பதில் ஒரு குறைச்சலும் இல்லை.

5. ரிங்கைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து வெளிச்சத்தில் பார். வளைந்ததைச் சம்மட்டியால் நிமிர்த்தாதே, விரிசல் விட்டதை வெல்டிங் வைக்காதே, வேறு ரிம்மின் ரிங்கை "பொருந்துகிறதே" என்று மாட்டாதே. புது டயருக்குப் பழைய ட்யூபும் பழைய ஃபிளாப்பும் வேண்டாம்.

6. ட்யூபை இடுமுன் டயரின் உள்பக்கம் கையால் தடவிப் பார்க்க வேண்டும். எங்கள் மேஸ்திரி இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். முழுச் சுற்று வந்து, மறுபடி எதிர்த் திசையில் ஒரு சுற்று வருவார். ஒரு துண்டுக் கம்பி, காய்ந்த மண் உருண்டை, சில நேரம் கடையில் ஒட்டிய காகிதச் சீட்டு, எல்லாம் அவர் விரலுக்குத் தட்டுப்படும். அப்புறம்தான் சாக் பவுடர் தூவுவார். வாடிக்கையாளர் அவசரப்படுத்தினால் இன்னும் மெதுவாகச் செய்வார். வேலை தெரிந்தவர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். அவரைப் போல, பார்க்க ஆளில்லாத இடத்திலும் ஒழுங்காகச் செய்கிறவர்கள் குறைவு.

7. காற்றடிக்கும்போது சக்கரம் இரும்புக் கூண்டுக்குள் இருக்க வேண்டும். அமெரிக்காவில் 1980-லேயே இதைச் சட்டமாக்கிவிட்டார்கள். நம் நெடுஞ்சாலைக் கடைகள் பலவற்றில் இன்னும் தரையில் படுக்க வைத்து, மேலே குனிந்து அடிக்கிறார்கள். அப்படி ஒரு கடையில் ரிங் தெறித்து ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். ஒரு நொடி முன்னால்தான் அந்த ஆள் நிமிர்ந்து நகர்ந்திருந்தான். குழாய் நீளமாக, வால்வில் தானே கவ்விப் பிடிப்பதாக இருக்கட்டும். நீ ரிங்குக்கு நேராக நிற்காமல் பட்டன் பக்கமாகத் தள்ளி நில். கொஞ்சம் காற்று ஏறியதும் நிறுத்தி, ரிங் சுற்றிலும் உட்கார்ந்திருக்கிறதா என்று பார். உட்காரவில்லையா? காற்றை முழுக்க இறக்கிவிட்டு மறுபடி தொடங்கு. காற்றோடு சம்மட்டியால் தட்டி உட்கார வைப்பதைச் சிலர் கெட்டிக்காரத்தனம் என்பார்கள். அவர்கள் பக்கத்தில் நிற்காதே. வழியில் காற்று இறங்கி, அதே டயரில் ஓட்டி வந்திருந்தாலும் அப்படித்தான்; கழற்றி உள்ளே பார்க்காமல் காற்றடிக்காதே.

8. நட்டுகளை எதிரெதிராக முடுக்கு. ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முடுக்கு.

9. கழற்றிய டயரை அப்படியே விற்காதே. நீ ஆகாது என்று ஒதுக்கியதை ஒரு ஏழை டிராக்டர்க்காரன் டிரெயிலருக்கு வாங்கிப் போடுவான். பக்கச்சுவரை அறுத்துவிட்டுக் கொடு. கிடைக்கும் காசு குறையட்டும்.

கடைசியாக ஒன்று. உன்னோடு வேலைக்கு ஒரு சின்னப் பையன் நிற்பான். நீ குனிந்தால் அவனும் குனிவான். காற்றடிக்கும்போது அவனை வெளியே அனுப்பிவிடு. கூண்டு இல்லையென்றால் வேலையை அங்கேயே நிறுத்தி, கூண்டு வைத்திருக்கிற லாரி டயர் கடைக்குச் சக்கரங்களை ஏற்றிக்கொண்டு போ. கூலி கொஞ்சம் கூடக் கேட்பார்கள். பேரம் பேசாமல் கொடுத்துவிடு.