கத்திரிக்கு முன்னால் கூலன்ட்டை மாற்றுங்கள்

பங்குனி முடிவதற்குள்ளேயே மதுரையில் வெயில் ஏறிவிட்டது. மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிடும். இடையில் சித்திரைத் திருவிழா. தல்லாகுளத்திலும் கோரிப்பாளையத்திலும் ஏ.சி. போட்ட கார்கள் நகர வழியில்லாமல் நிற்கும். பள்ளி விடுமுறை விட்டதும் அதே கார்கள் ஆளும் மூட்டையுமாக வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலை ஏறும். இன்ஜினுக்கு இதைவிடக் கடுமையான காலம் வருடத்தில் கிடையாது. கூலன்ட் மாற்றி இரண்டு மூன்று வருடமாகிவிட்ட வண்டி என்றால், கையேட்டில் போட்டிருக்கும் கெடுவைப் பார்த்துவிட்டு இந்த வாரமே வேலையை முடித்துவிடுங்கள்.

“நம்ம ஊர்ல என்ன பனியா கொட்டுது, தண்ணி ஊத்துனா போதும்” என்ற பேச்சு இந்தப் பக்கம் இன்னும் ஓயவில்லை. அது அம்பாசடர் காலத்துப் பேச்சு. அந்த வண்டிகளுக்கு வார்ப்பிரும்பு இன்ஜின், செம்பும் பித்தளையும் கொண்ட ரேடியேட்டர். டிக்கியில் ஒரு கேன் தண்ணீர் இருந்தால் டிரைவர் எந்த மலையும் ஏறுவார். உத்தரபாரா ஆலையில் அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றுபோனது. தண்ணீர் ஊற்றும் பழக்கம் நிற்கவில்லை. இன்றைய கார்களில் ரேடியேட்டரும் இன்ஜின் ஹெட்டும் அலுமினியம், ரேடியேட்டரின் ஓரத் தொட்டிகள் பிளாஸ்டிக். மதுரை வீடுகளில் போர்வெல் தண்ணீர் ஓடும் கீசரின் காயிலைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு அந்த வெள்ளைப் படிவு தெரியும். அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய தட்டைக் குழாய்களில் படிந்தால், ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் சூடு இறங்காது.

நம் ஊரில் கூலன்ட்டின் வேலை இரண்டு: துருவைத் தடுப்பது, கொதிநிலையை உயர்த்துவது. கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் அந்தக் கலவை சுமார் 107 டிகிரியில்தான் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் 120-ஐயும் தாண்டும். பல மூடிகளின் மேல் 0.9 அல்லது 1.1 என்று பொறித்திருப்பது அந்த அழுத்த அளவுதான். ரப்பர் வெடித்த மூடி அழுத்தத்தைப் பிடிக்காது. கொடைக்கானல் உயரத்தில், ஏறத்தாழ 2,100 மீட்டரில், திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். வெறும் தண்ணீரும் வெடித்த மூடியுமாக மலை ஏறும் கார் ஏன் பாதி வழியில் ஆவி கக்குகிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

வேலைக்கு உகந்தது, இரவு முழுக்க நின்ற வண்டியும் விடியற்காலையும். மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். கொஞ்சம் வெதுவெதுப்பு இருந்தாலும் மூடியில் கை வைக்காதீர்கள். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சாவி வண்டியில் இருக்க வேண்டாம். சில கார்களில் இன்ஜின் ஓடாதபோதும் ஃபேன் திடீரென்று சுற்றும். ஹைபிரிட், மின்சாரக் கார்களை வீட்டில் தொடவே கூடாது.

கீழே அகலமான பேசின் வைத்து, மூடியைத் திறந்து, ரேடியேட்டரின் அடியிலுள்ள டிரெயின் பிளக்கைக் கையால் மெல்லத் திருகுங்கள். அது பெரும்பாலும் பிளாஸ்டிக். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் உடைந்துவிடும். பிளக் இல்லாத வண்டியில் கீழ் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்த வேண்டும். இறங்குவது பச்சையோ சிவப்போ, நிறம் தெளிவாக இருந்தால் நல்லது. டீ டிகாக்ஷன் போலப் பழுப்பாக வந்தால் உள்ளே துரு. மேலே பாலாடை போல எண்ணெய் மிதந்தால் ஹெட் கேஸ்கட் சந்தேகம். அத்தோடு நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

அலசுவதற்கு, பேட்டரிக்கு வாங்குகிற டிஸ்டில்ட் வாட்டர் போதும். ஊற்றி, இன்ஜினை மிதமாகச் சூடாக்கி, நன்றாக ஆறவிட்டு இறக்குங்கள். தெளியும்வரை இதையே செய்யுங்கள். ஒரு கணக்கு மறந்துவிடக் கூடாது: பிளக் வழியே எல்லாமும் இறங்காது, இன்ஜினுக்குள் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடும். வண்டியின் மொத்தக் கொள்ளளவு 5 லிட்டர் என்றால், முதலில் இரண்டரை லிட்டர் கலக்காத கூலன்ட்டை ஊற்றிவிட்டு, மீதி இடத்தை டிஸ்டில்ட் வாட்டரால் நிரப்புங்கள். கலந்தே விற்கும் கூலன்ட்டை இப்படி அலசிய வண்டியில் ஊற்றினால் வீரியம் குறைந்துவிடும். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள்; ஒரு கம்பெனியின் சிவப்பும் இன்னொரு கம்பெனியின் சிவப்பும் ஒன்றல்ல. கையேட்டில் சொன்ன வகையே சரி.

பலர் கோட்டை விடுவது இனிமேல்தான். ஊற்றி மூடியதும் வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். உள்ளே காற்று மாட்டிக்கொண்டிருக்கிறது. ஹெட்டுக்குள் காற்று நின்ற இடத்தில் கூலன்ட் படாது. அந்த இடம் மட்டும் காயும். சென்சாரும் காற்றில் இருந்தால் மீட்டர் முள் பொய் சொல்லும். அதனால் அவசரமில்லாமல், நூல் போல ஊற்றுங்கள். உள்ளே ஹீட்டர் குமிழைச் சூட்டின் கடைசிக்குத் திருப்பி வையுங்கள். ஏர் ஸ்க்ரூ உள்ள வண்டியில் அதைத் தளர்த்தி, நுரை நின்று ஒரே தாரையாகக் கூலன்ட் வந்ததும் இறுக்குங்கள். மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள். குபுக் குபுக்கென்று காற்று வெளியேறுவது காதில் கேட்கும்.

பிறகு, ரேடியேட்டரின் மேலேயே மூடி உள்ள கார்களில், மூடியைத் திறந்தபடி ஏ.சி. போடாமல் இன்ஜினை ஐடிலில் ஓடவிடுங்கள். முகத்தை மேலே கொண்டுபோகாதீர்கள். தெர்மோஸ்டாட் 82 முதல் 90 டிகிரிக்குள் திறக்கும்போது மட்டம் சட்டென்று இறங்கும். அந்த அளவுக்கு ஊற்றுங்கள். குமிழி நின்றதும் மூடியை இறுக்கி, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை காத்திருங்கள். எக்ஸ்பான்ஷன் டேங்க்கில் மட்டும் மூடி உள்ள வண்டிகளுக்குக் கையேட்டு முறைதான்; சிலவற்றுக்கு வாக்வம் கருவி இல்லாமல் காற்று போகாது, அவற்றை ஒர்க்‌ஷாப்பில் விடுவதே நல்லது. மறுநாள் காலை, வண்டி ஆறிய நிலையில், மட்டம் இரு கோடுகளுக்கு நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வாரம் தொடர்ந்து இறங்கினால் ஒழுக்கு இருக்கிறது.

“ஹீட் ஆகுதா? தெர்மோஸ்டாட்டைக் கழட்டிரலாம்” என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். இன்ஜின் உரிய சூட்டுக்கு வராமலே ஓடி, பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும்; அடைத்த ரேடியேட்டர் அடைத்தபடியே கிடக்கும்.

வழியில் முள் சிவப்பை நெருங்கினால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுதாக வைத்து, ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். முக்கால் மணி நேரமாவது மூடியைத் தொடாதீர்கள். கொதிக்கிற இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் ஹெட் வெடிக்கும்.

இறக்கிய பழைய கூலன்ட்டை வாசல் சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள். அது கிருதுமால் வாய்க்காலுக்கும் வைகைக்கும்தான் போய்ச் சேரும். அதிலுள்ள எத்திலீன் கிளைகால் இனிக்கும், சிறிது உள்ளே போனாலும் சிறுநீரகத்தைக் கொல்லும். வெயிலில் நாக்கு வறண்டு அலையும் தெருநாய் தரையில் தேங்கியதை நக்கிவிடும். கேனில் கிடப்பதைக் குழந்தை ஜூஸ் என்று நினைத்துவிடும். சிந்திய இடத்தில் மணல் போட்டு அள்ளி, தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மீதியைக் கேனில் இறுக மூடி, பெயர் எழுதி, கழிவு எண்ணெய் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.