சூரிய உச்சமும் புவியின் சுற்றளவும்



"கொழும்பில் நண்பகலில் சூரியன் எங்கே நிற்கும்?" என்று வகுப்பில் கேட்டால், "தலைக்கு நேர் மேலே" என்ற விடை உடனே வரும். விடைத்தாளிலும் அப்படியே எழுதுகிறார்கள். புள்ளி போவது இங்கேதான். கொழும்பில் சூரியன் சரியாக உச்சியில் நிற்பது வருடத்தில் இரண்டு தடவைகள் மட்டுமே. ஒன்று ஏப்ரல் 7ஆம் திகதியளவில். மற்றது செப்டெம்பர் முதல் வாரத்தில். ஏனைய நாட்களில் அது வடக்கே அல்லது தெற்கே சற்றுச் சாய்ந்தே இருக்கும்.

காரணம் உங்களுக்குத் தெரிந்ததே. புவியின் அச்சு 23½ பாகை சாய்ந்துள்ளது. ஆகவே சூரியன் உச்சம் கொடுக்கும் இடம் மகரக் கோட்டுக்கும் கடகக் கோட்டுக்கும் இடையே போய் வருகிறது. மார்ச் 21 அளவில் மத்திய கோட்டைக் கடந்து, ஏப்ரல் 5 அளவில் தெய்வேந்திரமுனைக்கு வரும். பின்னர் நாளொன்றுக்கு ஏறக்குறைய 40 கிலோமீற்றர் வீதம் வடக்கே ஏறி, 15ஆம் திகதியளவில் பருத்தித்துறையைத் தாண்டும்.

இந்நாட்களில் "வெளியே போகாதே, சூரியன் கிட்ட வந்துவிட்டது" என்ற பேச்சு அடிபடும். சூரியன் கிட்ட வரவில்லை. புவி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி ஆரம்பத்தில் (ஏறத்தாழ 14.7 கோடி கிலோமீற்றர்). ஏப்ரலில் வெள்ளவத்தையில் நாம் வியர்த்து வடிவதற்குக் கதிர்கள் செங்குத்தாக விழுவதுடன், இடைப்பருவப் பெயர்ச்சிக் காலத்தின் தளர்ந்த காற்றும் ஈரப்பதனும் காரணம். வெயிலில் தொப்பியும் தண்ணீரும் தேவை, பயம் தேவையில்லை.

சித்திரைப் புத்தாண்டும் இதுவும் ஒன்றா என்றும் கேட்கிறார்கள். அல்ல. புத்தாண்டு, நட்சத்திரங்களின் பின்னணியில் சூரியன் மேட இராசியில் புகுவதாகக் கணிக்கப்படும் நாள். சூரிய உச்சம் இடத்துக்கு இடம் மாறும். யாழ்ப்பாணத்தில் இக்காலத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வருகின்றன. ஆனால் புத்தாண்டு ஏறத்தாழ 70 வருடங்களுக்கு ஒரு நாள் வீதம் பின்தள்ளிப் போவதால், இந்தப் பொருத்தம் நிலைக்காது.

செய்முறை

நான் கலைப்பட்டதாரி, ஆய்வுகூடம் என்னிடம் இல்லை. இதற்கு அது தேவையும் இல்லை. ஒரு மீற்றர் நீளமான நேரான தடி, கல் கட்டிய நூல், அடிமட்டம் போதும். ஏப்ரல் 7ஆம் திகதி மொட்டை மாடியில், நூலைப் பார்த்துத் தடியை நிமிர்த்தி நிறுத்துங்கள். 12.00 மணிக்கே நிழல் மறையும் என எதிர்பார்க்க வேண்டாம். நமது கடிகாரம் 82½ பாகை கிழக்கு நெடுங்கோட்டின் நேரத்தைக் காட்டுகிறது. கொழும்பு 80 பாகைக்குச் சற்று மேற்கே உள்ளது. பாகைக்கு 4 நிமிடம் என்று கணித்து, அந்நாளுக்குரிய சிறு திருத்தத்தையும் சேர்த்தால், நிழல் மறைவது 12.12 அளவில். சூரியனை நேரே பார்க்கக் கூடாது. நிலத்தை மட்டும் பாருங்கள்.

அதே நாள் அதே நேரம், யாழ்ப்பாணத்திலுள்ள உங்கள் மச்சானையோ மாமி மகளையோ இன்னொரு மீற்றர் தடியை நிறுத்தச் சொல்லுங்கள். அங்கே நிழல் மறையாது. வடக்கு நோக்கி 4.8 சென்ரிமீற்றர் அளவில் விழும். நிழலின் ஓரம் மங்கலாக இருக்கும். சூரியன் ஒரு புள்ளியன்று, அரைப்பாகை அகலமான வட்டம். மங்கலின் நடுவை அளக்க வேண்டும்.

4.8ஐ 100ஆல் வகுத்தால் 0.048. தான்சன் அட்டவணையில் இதற்குரிய கோணம் 2.75 பாகை. இரு நகரங்களும் ஏறக்குறைய ஒரே நெடுங்கோட்டில் இருப்பது நமது அதிர்ஷ்டம். இடைத்தூரம் நேர்கோட்டில் சுமார் 304 கிலோமீற்றர். (பஸ்ஸில் போய்வந்தவர்கள் 400 என்பார்கள், அது வளைந்து செல்லும் வீதியின் தூரம்.)

2.75 பாகைக்கு 304 கி.மீ. எனில்,
360 பாகைக்கு 304 × 360 ÷ 2.75 = 39,796 கி.மீ.

துருவங்களூடாகப் புவியின் உண்மையான சுற்றளவு ஏறத்தாழ 40,008 கி.மீ. நிழலை 2 மில்லிமீற்றர் கூட்டி அளந்தால் விடை 38,300க்கு இறங்கிவிடும். ஆகவே பல தடவை அளந்து சராசரி எடுங்கள். கொட்டாஞ்சேனை நண்பருடன் சேர்ந்து செய்து பயனில்லை. வெள்ளவத்தைக்கும் அங்கும் வித்தியாசம் ஒரு மில்லிமீற்றர் அளவே.

இம்முறையைக் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தில் செய்தவர் எரதொஸ்தனீஸ். சைன் நகரில் சூரியன் உச்சியில் நின்ற நாளில், அலெக்சாந்திரியாவில் நிழலின் கோணம் வட்டத்தின் 50இல் ஒரு பங்கு (7.2 பாகை) என அளந்தார். இரு நகரங்களுக்குமிடையிலான தூரத்தை 50ஆல் பெருக்கினார். அவரிடம் தொலைகாட்டியும் இல்லை, செய்மதியும் இல்லை.

1965இல் கொழும்பில் கட்டப்பட்ட கோள்மண்டலத்தின் குவிமாடத்தினுள் விண்மீன்களைப் பார்த்து வியந்த மாணவர்கள் பலர். இந்த அளவீடு அத்தகையதன்று. இங்கே எண் உங்கள் கையில் கிடைக்கிறது. பிறர் சொன்ன எண்ணை மனப்பாடம் செய்தவருக்கும் தானே அளந்தவருக்கும் உள்ள வித்தியாசம், காரணம் கேட்கும் வினாக்களில் தெரிந்துவிடும்.

பயிற்சி

1. மட்டக்களப்பு 7.7 பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. அங்கு ஏப்ரலில் சூரியன் உச்சம் கொடுப்பது எத்திகதியளவில்?

2. அங்கு தடியின் நிழல் மறைவது, கொழும்பைவிட ஏறக்குறைய 7 நிமிடங்கள் முந்தியாகும். காரணம் தருக.

3. வருடத்தின் இரண்டாம் தடவையில் சூரிய உச்சம் முதலில் கிடைப்பது பருத்தித்துறைக்கா, தெய்வேந்திரமுனைக்கா? படம் வரைந்து விளக்குக.