தோசைக் கை ஆகாது, தங்கச்சி!

கிரனோலா பேன்கேக் களி மாதிரி ஆகிவிட்டது என்று போனில் அழாத குறையாகப் புலம்பினாயே, நீ செய்த தப்பு ஒன்றுதான். கிரனோலாவை மாவிலேயே கொட்டிக் கலக்கிவிட்டாய். ஓட்ஸ் சும்மா இருக்குமா? பத்து நிமிஷத்தில் மாவிலிருக்கிற பாலையெல்லாம் குடித்துவிடும். மாவும் இறுகும், மொறுமொறுப்பும் போகும். கல்லில் ஊற்றிய மாவுக்கு மேலேதான் அதைத் தூவ வேண்டும்.

முதலில் கிரனோலா. ஓட்ஸ் வாங்கும்போது பாக்கெட்டில் 'ரோல்டு ஓட்ஸ்' என்று போட்டிருக்கிறதா என்று பார். கஞ்சிக்கு வாங்குகிற இன்ஸ்டன்ட் ஓட்ஸ் வறுக்கும்போதே தூளாகும். 2 கப் ஓட்ஸுக்கு அரை கப் உடைத்த பாதாம், முந்திரி, கொஞ்சம் பூசணி விதை, ஒரு சிட்டிகை உப்பு. உப்பை விட்டுவிடாதே, தித்திப்பைத் தூக்கிக் கொடுப்பதே அதுதான்.

உன் வீட்டில் ஓவன் இல்லை, அடிகனமான வாணலி போதும். சின்னத் தீயில் எல்லாவற்றையும் வாசம் வரும்வரை எட்டு, பத்து நிமிஷம் வறுத்துத் தட்டில் கொட்டு. அதே வாணலியில் 3 டேபிள்ஸ்பூன் எண்ணெய், கால் கப் தேன் விட்டு, நுரைத்ததும் வறுத்ததைப் போட்டு நாலைந்து நிமிஷம் கிளறு. இறக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும். பதம் வரவில்லை என்று பயந்து இன்னும் வறுத்தாயோ, கருகிக் கசக்கும். மொறுமொறுப்பு ஆறினால்தான் வரும். தட்டில் பரப்பி, கரண்டியால் அழுத்திவிட்டு, ஆறும்வரை தொடாதே. உலர்திராட்சையைக் கடைசியில் சேர். காற்றுப் புகாத பாட்டிலில் இரண்டு வாரம் வரும், உன் வீட்டுக்காரர் கண்ணில் படாத இடத்தில் வைத்தால்.

இனி மாவு. 1 கப் மைதா (பாதிக்குப் பாதி கோதுமை மாவும் சேர்க்கலாம், பால் ரெண்டு ஸ்பூன் கூடப் பிடிக்கும்), 2 டீஸ்பூன் பேக்கிங் பவுடர், 1 டேபிள்ஸ்பூன் சர்க்கரை, சிட்டிகை உப்பு. தனியாக முக்கால் கப் பால், ஒரு முட்டை, 2 டேபிள்ஸ்பூன் உருக்கிய வெண்ணெய். இரண்டையும் சேர்த்துப் பத்துப் பதினைந்து சுற்று சுற்றினால் போதும், சின்னக் கட்டிகள் இருக்கட்டும். மைதாவை அடிக்க அடிக்க இழுவை ஏறும். பரோட்டாவுக்கு அது வேண்டும், இதற்கு வேண்டாம். பதம் இட்லி மாவு பதம். முட்டை ஆகாத நாளில் பாலுக்கும் பேக்கிங் பவுடருக்கும் பதிலாக ஒரு கப் புளித்த கெட்டி மோரும் அரை டீஸ்பூன் ஆப்ப சோடாவும் போடு, உடனே சுட்டுவிடு.

அம்மாவின் இரும்புக் கல்லை இதற்கு எடுக்காதே. நாம் வெங்காயத்தால் தேய்த்துத் தேய்த்து வைத்த வாசம் பேன்கேக்கில் ஏறும். சர்க்கரை ஒட்டிய கல்லில் மறுநாள் தோசையும் எழும்பாது, அப்புறம் திட்டு எனக்கு. நான்ஸ்டிக் கல்லில் வெண்ணெயைத் துணியால் துடைத்த மாதிரி மெல்லிசாகத் தடவு. மிதமான தீக்கும் கீழே வை. ஒரு கரண்டி மாவு விட்டதும் கை தானாக வட்டம் போடக் கிளம்பும், அடக்கு. தானாகப் பரவட்டும். மேலே ஒரு ஸ்பூன் கிரனோலாவைப் பொடியாக உடைத்துத் தூவி, அதன்மேல் துளி மாவைச் சொட்டவிடு. இது நான் பல பேன்கேக்கைக் கருக்கிவிட்டுக் கற்றது. திருப்பிப் போடும்போது தேன் நேராகக் கல்லில் படாமல் அந்த மாவு காப்பாற்றும்.

குமிழி வெடித்து ஓட்டை மூடாமல் நின்று, ஓரம் காய்ந்ததும் ஒரே தடவை திருப்பு. தோசைத் திருப்பியால் அழுத்தாதே, உப்பினதெல்லாம் அமுங்கிவிடும். ஒரு நிமிஷத்தில் எடு. முதல் ஒன்று சரியாக வராது, அது கல்லுக்குக் கொடுக்கிற காணிக்கை. நான் சுட்டுக் கொடுத்தபோது அம்மா முதல் வாயிலேயே "ஊத்தப்பத்துல ஏண்டி உமி?" என்று கேட்டாள், இரண்டாவதும் வாங்கிக்கொண்டாள்.

மேலே வாழைப்பழம் நறுக்கிப் போட்டால் போதும். பாப்பாவுக்கு ஒரு வயசு முடியும்வரை தேன் சேர்த்த எதையும் கொடுக்காதே. மாவை மறுநாளுக்கு எடுத்து வைக்காதே, பேக்கிங் பவுடரின் வேகம் போய்விடும். மிச்சத்தை வெறும் பேன்கேக்காகச் சுட்டு ஃப்ரீஸரில் வை. காலையில் கல்லில் சூடாக்கி, தட்டில் வைத்த பிறகு கிரனோலாவைத் தூவிக்கொள்.