தேய்வு அல்ல, மெலிவு



இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த ஒரு தாயாருக்காக ஜெபிக்கச் சென்றிருந்தோம். “ஆரப்பாளையத்துல பஸ்ஸ விட்டு இறங்கையில லேசாத்தான் சறுக்குச்சு, ஐயா” என்றார்கள்.

லேசான சறுக்கலிலேயே முறிந்ததென்றால் குற்றம் படியில் அல்ல. எலும்பு முன்னமே மெலிந்திருக்கிறது. முழங்கால் தேய்மானம் வலிக்கும். இந்த மெலிவோ முறியும்வரை வலிப்பதில்லை. 30 வயதையொட்டி உச்சத்தை எட்டும் எலும்பின் அடர்த்தி பின்னர் மெல்லக் குறைகிறது. மாதவிடாய் நின்ற சில ஆண்டுகளில் பெண்களுக்கு வேகமாகக் குறைகிறது. ஸ்டீராய்டு மாத்திரைகளை நெடுநாள் உட்கொள்வோருக்கும் இந்த ஆபத்து உண்டு.

பலருக்கு மணிக்கட்டு முறிவே முதல் எச்சரிப்பு. கட்டுப் பிரித்ததும் அதை மறந்துவிடுகிறோம்! கூன் விழுவதும் உயரம் குறைவதும் முதுகெலும்பு நொறுங்கியதால் இருக்கலாம். வயோதிகம் என்று விட்டுவிடலாகாது. ‘டெக்ஸா’ என்னும் எக்ஸ்ரே சோதனை அடர்த்தியைக் காட்டும்; மருந்தும் உண்டு.

100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ளது. கூழை விட்டுக் காப்பிக்கு மாறினோமே! மதுரையில் வெயிலுக்குக் குறைவில்லை. ஆனாலும் வீட்டுக்குள்ளேயே இருப்போருக்கு வைட்டமின் டி குறைகிறது.

சென்ற ஆண்டு கையில் கட்டுடன் உங்கள் ஆலயத்துக்கு வந்த தாயார் யாரேனும் உண்டா? இம்மாதமே அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.